சீமாட்டியின் முதுகில் நீலப் பட்டை

ஜூன் 6

அன்புள்ள அத்தைக்கு,

பயிற்சிக்கு வந்து சேர்ந்து ஒரு வாரமாகிறது. கிளம்பும்போது சொல்லிக்கொள்ளவில்லை என்று உங்கள் மகனிடம் குறைப்பட்டீர்களாம். சொல்லத்தான் வந்தேன். நீங்கள் சீமாட்டியின் குளம்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தலையே நிமிரவில்லை. உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? வண்டிக்கு நேரமாகிவிட்டது.

போனில் பேசினால் உங்களுக்குக் கேட்பது பாதி, கேட்காதது பாதி. நான் ஒன்று சொல்ல, நீங்கள் வேறொன்றாக எடுத்துக்கொள்ள, நடுவில் உங்கள் மகன் "அம்மா அப்படிச் சொல்லல, அவ இப்படிச் சொல்லல" என்று தவிக்க... வேண்டாம். எழுதிவிடுகிறேன்.

"குதிரைக்கு டேப் ஒட்டக் கத்துக்கப் போறியா? அடுத்து என்ன, வளையல் மாட்டி விடுவியா?" என்று நம் லாயத்தில் சவாரி பழக வந்த பிள்ளைகளின் முன்னால் கேட்டீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் மகனும் சிரித்தார், பிறகு இருமினார். அத்தை, உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நான் பந்தாட்டக்காரர்களின் முட்டியிலும் தோளிலும் இதே டேப்பை ஒட்டிச் சம்பாதித்தவள். இது துணி மாதிரி இழுபடும் பட்டை. ஒரு பக்கம் பசை. மருந்து கிடையாது, மந்திரமும் கிடையாது. தோலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். அடியில் இருக்கும் தசை இறுக்கம் விட இடம் கிடைக்கும். அவ்வளவுதான்.

மழையில் சறுக்கியதிலிருந்து சீமாட்டி சேணத்தைக் கண்டாலே முதுகைப் பள்ளமாக்கிக்கொள்கிறாள். வலப்பக்கம் திரும்பும்போது பின்னங்காலை இழுக்கிறாள். டாக்டர் முதுகைத் தடவிப் பார்த்து, தசைப்பிடிப்பு, ஓய்வு கொடுங்கள் என்றார். ஓய்வு கொடுத்தாயிற்று. என்ன மாறியது? "போகட்டும், ஒரு குதிரை போனா இன்னொன்னு" என்கிறீர்கள். அதைச் சொல்லிவிட்டு அவளுக்கு மட்டும் கேரட்டைத் தோல் சீவிக் கொடுக்கிறீர்கள்.

இங்கே எனக்குப் பழகக் கொடுத்திருக்கும் குதிரைக்கு 'மேனேஜர்' என்று பெயர். எல்லாரையும் மேலும் கீழும் பார்ப்பான், ஒரு வேலையும் செய்யமாட்டான். முதல் நாள் நான் ஒட்டிய டேப்பை நான் கை கழுவி வருவதற்குள் சுவரில் தேய்த்துவிட்டான்.

இத்துடன் ஒரு சுருள் அனுப்பியிருக்கிறேன். எங்கே ஒட்டுவது என்று படமும் வரைந்திருக்கிறேன். கோபம் தணிந்தால் ஒட்டிப் பாருங்கள். தணியாவிட்டாலும் பாருங்கள்.

உங்கள் மருமகள்

ஜூன் 13

மருமகளே,

சுருள் வந்தது. நீலம்தான் கிடைத்ததா? செம்பழுப்புக் குதிரைமேல் நீலம். கண்ணுக்குச் சகிக்கவில்லை.

ஒட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் புருஷன் "ஒரு தடவை பாரேம்மா" என்று பூனைக்குட்டி மாதிரி காலையே சுற்றிச் சுற்றி வந்தான். சரி என்று ஒட்டினேன். நீ வரைந்த படத்தில் இருப்பது குதிரையா சோபாவா என்று முதலில் விளங்கவில்லை. தலை எந்தப் பக்கம் என்று அவன்தான் சொன்னான்.

தோளிலிருந்து பிட்டம் வரை, இரண்டு பக்கமும், நன்றாக இழுத்து ஒட்டினேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். ஈயை ஓட்டுகிற மாதிரி அவள் தோலை ஒரு சிலுப்பு சிலுப்பினாள். ஒரு பக்கம் அப்படியே தொங்கிவிட்டது. அதை வளைந்து பிடித்து மென்றாள். வாயில் கைவிட்டு எடுத்தேன், விரலில் கடி. மறுபக்கத்தை நானே பிய்த்தேன். முடியோடு வந்தது. இப்போது அவள் முதுகில் புதிதாகச் சாலை போட்ட மாதிரி ஒரு கோடு. பழக வருகிற பிள்ளைகள் எல்லாம் "என்ன ஆச்சு, யாரு அடிச்சாங்க?" என்று என்னைக் கேட்கிறார்கள். என்னை!

உனக்கு முட்டி தெரியும், தோள் தெரியும். நான் மறுக்கவில்லை. ஆனால் மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து, "டாக்டர், இங்கதான் வலிக்குது" என்று காட்டுவான். இவள் காட்டமாட்டாள். கடிப்பாள்.

நீ இல்லாமல் இங்கே ஒரு வேலையும் நிற்கவில்லை. காலையில் தண்ணீர் வைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. அதற்காக நீ வரவேண்டியதில்லை.

உன் மாமியார்

ஜூன் 18

அன்புள்ள அத்தைக்கு,

அந்தச் சாலையை நான் போடவில்லை. நீங்கள் போட்டது.

நன்றாக இழுத்து ஒட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் இழுக்கச் சொன்னது? படத்தின் கீழேயே எழுதியிருந்தேன், 'இழுக்க வேண்டாம்' என்று. படத்தைப் பார்த்துச் சிரித்த நேரத்தில் அதைப் படித்திருக்கலாம்.

எனக்கும் இங்கே நாள்தோறும் இதே பாட்டுத்தான். காலையில் ஒட்டுகிறேன், பயிற்சியாளர் வந்து ஒரு முனையைச் சுண்டுகிறார், பட்டை முழுவதும் கையோடு வந்துவிடுகிறது. அவர் பந்தயக் குதிரைகளோடு பல வருஷம் இருந்தவர். திட்டமாட்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை. பிய்ந்த டேப்பை உருண்டையாக்கி என் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். என் சட்டைப் பையெல்லாம் நீல உருண்டைகள். மற்றவர்களுடையது நிற்கிறது. என்னுடையது மட்டும் நிற்கவில்லை. நேற்றுத் தீவன அறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். மேனேஜர் வாசலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, தீவனம் வரவில்லை என்றதும் போய்விட்டான்.

இன்று கேட்டேவிட்டேன், "என்னதான் தப்பு பண்றேன்?" என்று. அவர் சொன்னார்: "எங்க ஒட்டணும்னு முடிவு பண்ணிட்டுதான் நீ குதிரைகிட்டயே வர்ற. தொட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணு." எனக்குச் சுருக்கென்றது. எத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தவள் நான்!

சரி, உங்கள் விஷயம். முதலில் முடியை நன்றாகத் தேய்த்து, தூசியும் எண்ணெய்ப் பசையும் போகத் துடைத்துக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் ஒட்டவே ஒட்டாது. டேப்பின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டுங்கள். கூர்மையாக விட்டால் அங்கிருந்துதான் பெயரும். ஒட்டும்போது யாராவது அவள் இடுப்புப் பக்கம் கேரட்டை நீட்டட்டும். அவள் கழுத்தை வளைத்து வாங்கும்போது அந்தப் பக்கத்து முதுகு நீளும். அப்போது வையுங்கள். இரண்டு முனைகளிலும் கொஞ்சமும் இழுவை கூடாது. நடுவில் மட்டும் லேசாக. முடி எந்தப் பக்கம் படிகிறதோ அந்தப் பக்கமாக உள்ளங்கையால் தேயுங்கள்; சூட்டில்தான் பசை பிடிக்கும். எடுக்கும்போதும் அதே பக்கமாக, தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக. தோல் சிவந்திருந்தால் ஒட்டவே வேண்டாம்.

விரல் கடியை என்ன செய்தீர்கள்? மருந்து போட்டீர்களா, இல்லை சாணக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டதோடு விட்டுவிட்டீர்களா?

உங்கள் மருமகள்

ஜூன் 27

மருமகளே,

நின்றது.

போதுமா? இதை எழுத எனக்கு நான்கு நாளாயிற்று.

நீ சொன்ன மாதிரியே எல்லாம் செய்தேன். உன் புருஷன் கேரட்டைப் பிடித்தான். அவள் வாங்கிவிட்டாள், இவன் இன்னொன்று எடுக்க மறந்து நின்றான், அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எப்படியோ ஒட்டினோம். மறுநாள் வரை அசையவில்லை. கயிற்றில் வட்டமாக நடக்கவிட்டுப் பார்த்தேன். முதுகு பள்ளமாகவில்லை. வலப்பக்கம் திரும்பும்போது இழுக்கிறாள்தான், ஆனால் பாதிதான். நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தேன்.

பழசை எடுத்துவிட்டுப் புதிதாக இன்னொரு முறையும் ஒட்டினேன். இன்னும் நன்றாக நடக்கிறாள். நேற்றுச் சேணத்தைக் காட்டினேன், காதைப் பின்னால் மடக்கவில்லை. வயிற்றுப் பட்டியை இறுக்கும்போதுகூடச் சும்மா நின்றாள்.

உன் படிப்பைப் பற்றி நான் சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வளையல் என்றது மட்டும் இருக்கட்டும், அது நல்ல வார்த்தை.

அடுத்த ஞாயிறு முதல் அவளைப் பிள்ளைகளின் வகுப்புக்குத் திரும்ப விடப்போகிறேன். நல்ல குதிரை இல்லாமல் வகுப்பே படுத்துவிட்டது. உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு சுருள் அனுப்பு. நீலமே அனுப்பு, பழகிவிட்டது.

உன் மாமியார்

ஜூன் 30

அத்தை,

யாரும் அவள்மேல் ஏறவேண்டாம்.

கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. லாயத்துப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பாரில்லை. உங்கள் மகனைப் பிடித்தேன். அவர் லாரியில் குதிரை ஏற்றிக்கொண்டு எங்கோ எல்லை தாண்டிப் போயிருக்கிறார், நாளை மறுநாள்தான் திரும்புவாராம். "அம்மாகிட்ட எப்படியாவது சொல்லிடறேன்" என்றார். அவருடைய எப்படியாவது எனக்குத் தெரியும். அதனால் விரைவுத் தபாலில் போடுகிறேன்.

டேப் வலியைக் கொஞ்சம் அடக்கும். வலிக்கான காரணத்தைச் சரிசெய்யாது. இன்று ஒரு குதிரையை வைத்து இதைத்தான் காட்டினார்கள். முதுகு இறுகியிருந்தது, எல்லாரும் முதுகில் ஒட்டக் கை நீட்டினோம். பயிற்சியாளர் தடுத்துவிட்டு அதன் முன்குளம்பைத் தூக்கிக் காட்டினார். அங்கே சீழ். பாதம் வலித்ததால் முதுகை இறுக்கிக்கொண்டு நடந்திருக்கிறது. எனக்கு உடனே சீமாட்டி ஞாபகம் வந்தது. முதுகு சரியாகிவிட்டது என்றால் வலப்பக்கம் திரும்பும்போது ஏன் இன்னும் இழுக்கிறாள்? பாதி இழுக்கிறாள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதி எங்கிருந்து வருகிறது?

நான் அவளைத் தொட்டுப் பார்க்காமல் இங்கே உட்கார்ந்து படம் வரைந்து அனுப்பினேன். டாக்டர் முதுகு என்றார், நானும் முதுகு என்றேன். டேப்பை எடுத்துவிட்டு டாக்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள். பின்னங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். தயவுசெய்து.

மருமகள்

ஜூலை 5

இடது கை. எழுத்து கோணல்.

உன் தபால் திங்களன்று வந்தது. சனிக்கிழமையே முடிந்துவிட்டது.

பிள்ளையை ஏற்றவில்லை. நான் ஏறிப் பார்க்காத குதிரையில் பிள்ளையை ஏற்றமாட்டேன். நான்தான் ஏறினேன். இடப்பக்கம் நன்றாகப் போனாள். வலப்பக்கம் திருப்பினேன். பின்கால் மடங்கிவிட்டது. அவள் முட்டிபோட்டாள், நான் அவள் தோளைத் தாண்டி விழுந்தேன். வலது மணிக்கட்டு இரண்டாக.

அவள் எழுந்துவிட்டாள். அந்தக் காலைத் தரையில் ஊன்றவில்லை.

வலி தெரிந்திருந்தால் சேணத்தையே வைக்க விட்டிருக்கமாட்டாள். உன் டேப் அவள் வாயை அடைத்துவிட்டது. நான் நம்பினேன்.

நீ வரவேண்டாம்.

ஜூலை 9

அன்புள்ள அத்தைக்கு,

வரவேண்டாம் என்றீர்கள். வரவில்லை. பையைக் கட்டிவிட்டு வாசல் வரை வந்து உங்கள் மகனுக்குப் போன் செய்தேன். "இப்ப வராத. அம்மா கதவைத் திறக்கமாட்டாங்க. என்னையே உள்ள விடல, ஜன்னல் வழியாத்தான் சாப்பாடு குடுத்தேன்" என்றார். பையைத் திரும்ப அவிழ்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் பையின் பிடி கையோடு வந்துவிட்டது.

என்மேல் கோபப்படுங்கள், சரி. சுருளை அனுப்பியது நான். ஆனால் ஏறச் சொன்னது நான் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 'அனுமதி கேட்கவில்லை' என்று எழுதினீர்களே, அதைப் படித்தபோது அந்தப் பதற்றத்திலும் சிரித்தேன், உங்கள் பாணி என்று. இப்போது அந்த வரி மட்டும் தனியாகத் தெரிகிறது. நீங்கள் கேட்கமாட்டீர்கள், நான் பொறுக்கமாட்டேன், நம் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வாயில்லாத ஜீவன் விழுந்து எழுந்திருக்கிறது.

கட்டுப் போட்ட கை வீங்கியிருக்கிறதா? விரல் நகத்தை அழுத்திவிட்டுப் பாருங்கள், நிறம் உடனே திரும்ப வரவேண்டும். விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டே இருங்கள். கையைத் தொங்கவிடாமல் தலையணைமேல் வையுங்கள். குதிரைக்காரி மாதிரி அந்தக் கட்டோடு தீவன மூட்டையைத் தூக்காதீர்கள். இது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை, இதிலாவது என் பேச்சைக் கேளுங்கள்.

டாக்டர் வந்தாரா? கால் எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது எழுதுங்கள். உங்கள் மகனைக் கேட்டால் "நிக்குறா" என்கிறார். நிற்பது எனக்கும் தெரியும்.

உங்கள் மருமகள்

ஜூலை 18

மருமகளே,

நகம் நிறம் வருகிறது. விரல் மடங்குகிறது. இடது கையில் எழுதவும் பழகிவிட்டது. மூட்டை தூக்கவில்லை, ஒரே ஒரு முறை தூக்கினேன், உன் புருஷன் பார்த்துவிட்டான், அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் மூன்று முறை வந்துவிட்டார். முதலில் குளம்பைப் பார்த்தார், ஒன்றுமில்லை. பிறகு வலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, வலது பின்னங்காலில் ஒவ்வொரு இடமாக ஊசி போட்டு மரத்துப்போகவைத்து நடக்கவிட்டார். குளம்புக்கு மேலே ஓரிடத்தில் போட்டதும் நேராக நடந்தாள். அங்கே ஸ்கேன் வைத்துப் பார்த்தார். முட்டிக்குக் கீழே, எலும்பை ஒட்டி உள்ளே ஓடுகிற தசைநார் கிழிந்திருக்கிறது. மழையில் சறுக்கிய அன்றே கொஞ்சம் கிழிந்திருக்கவேண்டுமாம். அந்தக் காலைக் காப்பாற்ற முதுகை இறுக்கிக்கொண்டே இத்தனை மாதம் நடந்திருக்கிறாள். நாம் முதுகைத் தளர்த்திவிட்டோம். நான் மேலே ஏறி மிச்சத்தையும் கிழித்தேன்.

டாக்டர் தலை குனிந்துதான் சொன்னார், "நானும் முதல்லயே கால்ல பாத்திருக்கணும்" என்று.

இருப்பாள். சாகிற விஷயமில்லை. தினமும் கையில் பிடித்து, நேர்க்கோட்டில், கெட்டித் தரையில் கொஞ்சம் நடக்கவைக்க வேண்டும். மாதக் கணக்கில். அதற்குப் பிறகு லேசான சவாரிக்கு ஆவாளா என்பது அப்போது தெரியும். தடை தாண்டுவதெல்லாம் இனி இல்லை.

உன்னை வரவேண்டாம் என்று எழுதியது வலியில் எழுதியது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

உன் மாமியார்

ஜூலை 31

அன்புள்ள அத்தைக்கு,

தேர்வில் தோற்றுவிட்டேன்.

எப்படித் தோற்றேன் என்று மற்றவர் வாயிலிருந்து கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். ஒரு சாம்பல் நிறக் குதிரையைக் கொடுத்தார்கள். கழுத்தின் அடியிலும் தோளிலும் இறுக்கம், சவாரிக்குப் பிறகு வருகிற சாதாரண இறுக்கம், ஒட்டிக் காட்டு என்றார்கள். தொட்டேன். நீண்ட நேரம் தொட்டேன். முன்னங்கால் வைப்பதில் ஏதோ சந்தேகம் வந்தது. நடக்கவிடச் சொன்னேன். திரும்ப நடக்கவிடச் சொன்னேன். கத்தரியைக் கையில் எடுத்தேன், கை ஓடவில்லை. சீமாட்டி முட்டிபோட்டதுதான் கண்முன்னால். நான் பார்க்கவே இல்லை அதை, ஆனாலும் அதுதான் தெரிந்தது. "இதுக்கு ஒட்டமாட்டேன். டாக்டர் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

உள்ளுக்குள் ஒரு நினைப்பு, பயிற்சியாளர் வந்து முதுகில் தட்டி "சரியாச் சொன்ன" என்பார் என்று. டாக்டர் வந்து பார்த்தார். அந்தக் குதிரைக்கு ஒன்றுமே இல்லை, அத்தை. சாதாரண இறுக்கம்தான். பயிற்சியாளர் சொன்னார்: "முன்னாடி தொடாமலே ஒட்டின. இப்ப தொட்டும் ஒட்டல. ரெண்டுமே உன் கையை நீ நம்பாததுதான்." மறுபடி எழுதலாம், அக்டோபரில்.

மற்றவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள். கிளம்பிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் மேனேஜரைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன். இப்போதெல்லாம் என் டேப் அவன்மேல் நிற்கிறது. நின்று என்ன புண்ணியம்?

எனக்கு அலுத்துவிட்டது. உங்களுக்குக் கை இல்லை, அவளை நடக்கவைக்க ஆள் இல்லை. உங்கள் மகன் வாரத்தில் பாதி நாள் லாரியில். நான் வந்துவிடுகிறேன். தண்ணீர் வைப்பேன், அவளை நடத்துவேன், டேப்பைத் தொடமாட்டேன். ஒரு வார்த்தை எழுதினால் போதும், கிளம்பிவிடுவேன்.

உங்கள் மருமகள்

ஆகஸ்ட் 6

மருமகளே,

உன் கடிதத்தை உன் புருஷன் உரக்கப் படித்தான், எனக்குக் கேட்கும்படி. 'எனக்கு அலுத்துவிட்டது' என்ற இடத்தில் அவன் நிறுத்திவிட்டான். பிறகு நானே வாங்கிப் படித்தேன்.

தோற்றது தோற்றதுதான். அதைத் தேன் தடவிச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் தைரியத்தில் ஏறினேன், நீ பயத்தில் இறங்கிவிட்டாய். அந்தச் சாம்பல் குதிரைக்கு உன்னால் கெடுதல் வரவில்லை, நல்லதும் வரவில்லை. அப்படியே கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடலாம் என்று இங்கே வந்தால், நாளைக்கு இன்னொரு குதிரை வலியோடு நிற்கும், நீ தண்ணீர் வாளியோடு பார்த்துக்கொண்டு நிற்பாய்.

சீமாட்டியை நான்தான் நடத்துகிறேன். வலது கை ஆகாது என்பதால் அவளுக்கு வலப்பக்கம் நின்று இடது கையில் பிடிக்கிறேன். பிறந்ததிலிருந்து இடப்பக்கம் ஆள் நின்றே பழகியவள். முதல் இரண்டு நாள் ஒரே குழப்பம். அவள் என்னை இடிக்க, நான் அவளை வைய. இப்போது வலது பின்னங்கால் என் பக்கம்தான் இருக்கிறது. ஒவ்வொரு அடியும் பார்க்கிறேன். நேற்றுக் கொஞ்சம் நீளமாக வைத்தாள். டாக்டரிடம் சொன்னேன். அவர் கேட்டார், காலின் வீக்கம் வற்றிய பிறகு முதுகின் இறுக்கத்துக்கு அந்த டேப்பைப் போடலாமே, உங்கள் மருமகளுக்குத் தெரியுமே என்று. இந்த முறை காரணம் தெரியும், மேலே யாரும் ஏறப்போவதில்லை, அதனால் கெடுதல் இல்லை என்றார். நான் சொன்னேன், "அவ இன்னும் படிக்கிறா. முடிச்சதும் வருவா."

சொல்லிவிட்டேன். இனி நீ என் வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும்.

அதனால் வராதே. அங்கேயே இரு. அந்தச் சோம்பேறிக் குதிரையையே தினமும் தொட்டுப் பார். அவனுக்கு எங்கே இறுக்கம், எங்கே நடிப்பு என்று உன் கைக்குத் தெரியட்டும். அக்டோபரில் எழுது. மறுபடி தோற்றால் மறுபடி எழுது.

இங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது. நீ இல்லாதது தெரியவே இல்லை.

பொய். காலையில் லாயத்தைத் திறக்கும்போதே தெரிகிறது. என்னோடு சண்டை போட இங்கே ஒரு ஆள் இல்லை. உன் புருஷன் எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்கிறான்.

இருந்தாலும், முடித்துவிட்டு வா.

உன் மாமியார்